ஜிப்ஸியில் வின்ச்: கிளட்ச் லீவருக்கு ஒருவழியாகக் கை எட்டுகிறது

சேற்றில் சிக்கினால் வண்டியைக் கயிறு சுற்றி இழுத்தெடுக்கும் வின்ச், ஜிப்ஸியின் முன்பக்கம் உட்கார்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், கயிறு சுற்றும் டிரம்மைக் கியரிலிருந்து விடுவிக்கும் கிளட்ச் லீவரைப் பம்பருக்கு வெளியே நின்றபடியே திருப்ப முடிகிறது. இந்த ஒரு சந்தோஷத்துக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வின்ச் உட்காரும் பிளேட் வேலை எல்லோரும் செய்வதுதான், அதைச் சட்டென்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

வண்டி, 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் போட்ட பழைய மாருதி ஜிப்ஸி. ஆளும் சாமானும் ஏறினால் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேலே போகும். வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுவை வேண்டும் என்ற கணக்குப்படி 5,500 பவுண்டு வின்ச்சே போதும். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் இழுவை டிரம்மில் கடைசி அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போதுதான் கிடைக்கும். மேலே அடுக்கு ஏற ஏறக் குறையும். அதனால் 8,000 பவுண்டு வாங்கினேன், நம் கணக்கில் சுமார் 3,600 கிலோ. கடைக்காரர் 12,000 பவுண்டை என் தலையில் கட்டப் பார்த்தார். அந்த எடையைச் சுமக்கப் போவது முன்பக்க லீஃப் ஸ்பிரிங், அவரில்லையே! இரும்புக் கம்பிக் கயிற்றையும் கழற்றிவிட்டு 10 எம்.எம். சிந்தெடிக் கயிறு போட்டேன். எடை குறையும், அறுந்தாலும் கம்பி மாதிரி சாட்டையடி அடிக்காது. கயிறு வெளியே வரும் வாயில் இருந்த ரோலர் ஃபேர்லீடுக்குப் பதில் வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட்.

பிளேட் 6 எம்.எம்., சேஸின் இரண்டு கொம்புகளுக்கும் நடுவே. வின்ச்சின் கால் துளைகள் வழக்கமான 254-க்கு 114.3 எம்.எம். அளவு. லேசர் கட்டிங்கில் கொடுத்ததால் துளைகள் அச்சு அசலாக விழுந்தன. சேஸ் பெட்டி வடிவம் என்பதால் போல்ட் போகும் இடத்தில் உள்ளே குழாய்த் துண்டு வைத்தோம். இல்லையென்றால் முறுக்கும்போதே சேஸ் நசுங்கும். பம்பருக்கு முன்னால் குழாய், கம்பி எதுவும் கிடையாது. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைக் காட்டி. ஜிப்ஸியில் ஏர்பேக் இல்லை, புல் பாரால் அதன் சென்சார் கெடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் நடந்து போகிறவர் மேல் இரும்புக் குழாய் மோதினால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்விதான்.

சரி, லீவருக்கு வருவோம்.

கம்பெனியிலிருந்து வந்தபடி வைத்தால் லீவர் நேர் மேலே நிற்கிறது. அதற்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் பம்பரின் மடிப்பு. விரல் போகிறது, லீவர் திரும்ப இடமில்லை. சேற்றில் சிக்கி நிற்கும்போது ஸ்பேனரை விட்டு லீவரைத் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? பட்டறை அண்ணன் கட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். "மேல ஒரு ஜன்னல் வெட்டி விட்டரலாமுங்க தம்பி, அஞ்சு நிமிச வேலை." எனக்கு மனசு வரவில்லை. லீவர் இருக்கும் கியர் பெட்டியையே திருப்பி வைக்கலாம் என்றேன். "அதைப் பிரிச்சா வாரண்டி போயிருமுங்களே" என்றார். போகட்டும் என்று இறங்கிவிட்டேன்.

கியர் பெட்டியைச் சுற்றிப் பத்து ஆலன் போல்ட். பத்து என்றால் ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் 36 டிகிரி. எனக்குத் தேவை 90 டிகிரி. கிடைப்பதோ 72 அல்லது 108. அட்டையில் லீவரை வெட்டி வைத்துப் பார்த்தேன். 108-இல் லீவர் பிளேட்டை நோக்கிக் குனிகிறது, கல் பட்டால் அவ்வளவுதான். 72-இல் முன்பக்கம் பார்த்து லேசாக மேலே தூக்கி நிற்கிறது, கிரில்லுக்கும் பம்பருக்கும் நடுவே கை வருகிறது. ஆக, இரண்டு துளை.

மோட்டார் பக்கம் கீழே, கியர் பெட்டி மேலே வருமாறு வின்ச்சைச் செங்குத்தாக நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். படுக்கையில் வைத்துக் கழற்றினால் உள்ளே இருக்கும் கோள் கியர்கள் ஒவ்வொன்றாக மடியில் விழும். பெட்டியிலும் டிரம் தாங்கியிலும் பஞ்ச் கருவியால் ஒரு அடையாளக் கோடு போட்டேன். போல்ட்டுகள் கம்பெனியிலேயே பசை போட்டு இறுக்கியவை, தேய்ந்த எல் கீயைக் கொண்டு போனால் தலை வழுக்கிவிடும். சாக்கெட்டில் மாட்டும் ஆலன் பிட், ஹாட் ஏர் கன்னில் கொஞ்சம் சூடு, அப்புறம் ஒரே இழுப்பு. ஒவ்வொன்றும் 'டிக்' என்று விட்டுக் கொடுத்தது.

இனிமேல்தான் வித்தை. பெட்டியைத் தூக்கக் கூடாது. தூக்கினால் ரிங் கியரும் கூடவே எழும்பும், காஸ்கெட் கிழியும். மெல்லிய பிளேடால் காஸ்கெட்டின் ஒரு பக்கத்தை மட்டும் விடுவித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி, ஜாடி மூடியைத் திருகுவது போல் இரண்டு துளை தூரம் நகர்த்தினேன். விளிம்பில் கிரீஸ் கொஞ்சம் பிதுங்கியதோடு சரி. எல்லா போல்ட்டையும் கையால் பாதி ஏற்றிவிட்டு, எதிரெதிராக இறுக்கினேன்.

இறுக்கியதும் லீவரைத் திருப்பினால் பாதியில் நின்றது. அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு. டிரம்மைக் கையால் ஒரு அங்குலம் சுற்றியதும் 'டக்'கென்று உள்ளே விழுந்தது. பல் நேருக்கு நேர் வந்தால்தான் உள்ளே இருக்கும் பூட்டு ஊசி இறங்கும். புது வின்ச்சிலும் இப்படித்தான். இந்தச் சோதனையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே மேசையில் வைத்துச் செய்துவிடுங்கள்.

ஏற்றும்போது இன்னொரு தொல்லை, வின்ச்சின் கால் பள்ளத்தில் உட்காரும் சதுர நட்டு. கீழேயிருந்து போல்ட் தொட்டதும் நழுவி ஓடுகிறது. பின்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டியதும் அடங்கியது. எம்10, 8.8 கிரேடு போல்ட்தான். நீளம் மட்டும் கவனம். அதிகமானால் பள்ளத்தின் அடியில் முட்டி, இறுகிவிட்ட மாதிரி நடிக்கும், பிளேட்டோ ஆடிக்கொண்டிருக்கும்.

பேட்டரியிலிருந்து வரும் கேபிளுக்கு 35 சதுர எம்.எம். வெல்டிங் கேபிள். கோவையில் பம்ப்செட் புண்ணியத்தில் கேபிள் முனையில் மாட்டும் தாமிர லக்குக்கும் அதை நசுக்கும் ஹைட்ராலிக் கருவிக்கும் பஞ்சமில்லை. ஆனால் வெல்டிங் கேபிள் என்று கேட்டால் அலுமினியத்தையும் எடுத்து நீட்டுகிறார்கள். நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள், தாமிரப் பூச்சுக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம்.

அடுத்து பேட்டரிக்கும் வின்ச்சுக்கும் நடுவே மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச். பின்னால் கேபிளைச் செருகிக் கழற்றும் ஆண்டர்சன் கனெக்டர் ஒன்று வைக்கவும் ஆசை, ஜம்ப் ஸ்டார்ட்டுக்கும் ஆகும். கயிற்றை மடக்கி இழுக்கும் கப்பியான ஸ்னாட்ச் பிளாக் ஏற்கனவே வாங்கிவிட்டேன்: வேகம் பாதி, இழுவை இரட்டிப்பு. மரத்தில் சுற்றிக் கயிற்றை மாட்டும் அகலமான துணிப் பட்டை இன்னும் வாங்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் நண்பரின் தோப்பில் தென்னைக்கு நடுவே சரிவு இருக்கிறது. பட்டை வந்ததும் அங்கே போய், டிரம்மில் சில சுற்று மட்டும் விட்டு மீதிக் கயிற்றை இழுத்துவிட்டு, வண்டி எடையைக் கொடுத்தே இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்துகொள்ளும்.

கண்ட்ரோல் பாக்ஸ்தான் பாக்கி. இப்போதைக்கு வின்ச் தலைமேல் இருக்கிறது, ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறைத்துக்கொண்டு. போனட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில் இடம் அளந்துவிட்டேன். மோட்டாருக்குப் போகும் கேபிள்களை நீட்ட வேண்டியிருக்கும். ஜிப்ஸியில் யாராவது அப்படி மாற்றியிருந்தால் கேபிளை எந்த வழியாக இறக்கினீர்கள் என்று சொல்லுங்கள்.