செய்யாமல் விட்ட வேலையைத் தேடுதல்: வெதரைசேஷன் தணிக்கை மேற்பார்வையில் என் அனுபவம்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளைக் குளிர் தாங்கும்படி அரசு செலவில் சீரமைக்கும் வெதரைசேஷன் திட்டத்தில், எரிசக்தித் தணிக்கைகளை (வீட்டில் வெப்பம் எங்கே வீணாகிறது என்று அளந்து பார்க்கும் சோதனைகளை) மேற்பார்வையிடும் பொறுப்பு எனக்கு வந்தபோது, அது பெரும்பாலும் கோப்புகளோடு முடிந்துவிடும் வேலை என்றே சொன்னார்கள். கோப்பு முக்கியம்தான். ஆனால் எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டு, எல்லாக் கையொப்பங்களும் இடப்பட்ட ஒரு கோப்பு வீட்டைப் பற்றித் தவறாகச் சொல்லக்கூடும் என்பதும், அந்தத் தவறு யார் கண்ணிலும் படாமலே போகக்கூடும் என்பதும் முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது. இதே துறைக்கு வரும் தமிழ்ப் பொறியாளர்கள் சிலர் அவ்வப்போது விசாரிப்பதால், நான் கடந்து வந்த முறையைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1976-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின் வழியே இத்திட்டம் பிறந்தது. மத்திய அரசின் எரிசக்தித் துறை பணம் தருகிறது. மாநில அரசு அதைப் பெற்று உள்ளூர்ச் சமூக நல அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அந்த அமைப்புகள் தங்கள் ஆட்களைக் கொண்டோ ஒப்பந்தக்காரர்களைக் கொண்டோ வேலையை முடிக்கின்றன. மத்திய அரசின் வறுமைக் கோட்டைப் போல இரண்டு மடங்கு வரை வருமானம் உள்ள குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம். 2021-ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் இதற்கென 350 கோடி டாலரை ஒதுக்கிய பிறகு வேலையின் அளவு கூடியது. அனுபவமுள்ள தணிக்கையாளர்கள் அதே வேகத்தில் கூடவில்லை. நான் பார்த்த குறைகளில் பாதிக்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

முதலில் சான்றிதழ்கள். எரிசக்தித் தணிக்கையாளர், தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் ஆகிய இரண்டிற்கும் எழுத்துத் தேர்வும் களத் தேர்வும் உண்டு. எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. களத் தேர்வில் ஓர் உண்மையான வீட்டில், தேர்வாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, வாசற்கதவில் ப்ளோயர் டோர் விசிறியைப் பொருத்தி, வீட்டுக்கும் வெளிக்கும் இடையே 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி, காற்றுக் கசிவை அளந்து காட்ட வேண்டும். கருவியைக் கையாளத் தெரிவது மட்டும் போதாது. அது காட்டும் எண் இந்த வீட்டுக்குப் பொருந்துமா என்று சந்தேகிக்கவும் தெரிய வேண்டும். பிற்பாடு எனக்கு அதிகம் உதவியது இந்தச் சந்தேகம்தான்.

விதிப்படி, முடிந்த ஒவ்வொரு வீட்டையும் சான்றிதழ் பெற்ற ஆய்வாளர் ஒருவர் இறுதியாகப் பார்த்தாக வேண்டும். அதற்கு மேல், மாநிலத்தின் சார்பில் நாங்கள் குறைந்தது 5 சதவீத வீடுகளைப் பார்க்க வேண்டும். தணிக்கை செய்தவரே இறுதி ஆய்வும் செய்திருந்தால் 10 சதவீதம். எந்த வீடுகளைப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமைப்பு தேர்ந்தெடுத்துத் தரும் வீடுகளுக்குப் போனால் பெரும்பாலும் நல்ல வேலையைத்தான் காண்போம். ஆகவே முதலில் ஓர் அமைப்பின் கோப்புகளை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு தணிக்கையாளரின் எண்களையும் தனித்தனி வரிசையாக அடுக்கினேன். தனிக் கோப்பில் தெரியாதது வரிசையில் தெரிந்தது.

தணிக்கையாளர் வீட்டில் எடுக்கும் அளவுகளை ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் உருவாக்கிய நீட் என்ற மென்பொருளில் (மருத்துவ நுழைவுத் தேர்வு அல்ல) பதிவு செய்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் அதன் ஆயுட்காலத்தில் மிச்சமாகும் தொகையைச் செலவோடு ஒப்பிட்டு மென்பொருள் ஒரு விகிதத்தைத் தரும். விகிதம் 1-ஐத் தொட்டால் அந்த வேலையைச் செய்யலாம். தொடாவிட்டால் அது பட்டியலிலிருந்து விழுந்துவிடும். கணக்கு ஒழுங்கானதுதான், ஆனால் உள்ளே போடும் எண்ணைத்தான் அது நம்பும். நான் பார்த்த வரிசையில், ஒரு தணிக்கையாளரின் கோப்புகளில் 1940-களில் கட்டிய வீடுகளுக்கும் 1980-களில் கட்டிய வீடுகளுக்கும் சுவர் வெப்பக்காப்பு ஒரே மாதிரி ஆர்-11 (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு) என்று இருந்தது. பழைய மரச்சட்ட வீட்டின் சுவருக்குள் மூன்றரை அங்குல வெற்றிடம்தான் இருக்கும். பலவற்றில் அது இன்றும் வெறுமையாகவே கிடக்கிறது. அங்கே ஆர்-11 என்று எழுதிவிட்டால், சுவரில் செல்லுலோஸ் என்ற காகித இழை வெப்பக்காப்பை நிரப்பும் வேலை கணக்கிலேயே வராது. வேலை நடக்காததால் இறுதி ஆய்வாளருக்குப் பார்க்க எதுவும் இராது. எல்லாம் சரி என்று கையொப்பமிட்டுவிட்டுப் போவார்.

அந்த வரிசையிலிருந்து ஒரு வீட்டைத் தேர்ந்து போனோம். இரண்டு படுக்கையறை; கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் தனியாக வசித்தார். அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், நிரப்பிய செல்லுலோஸ் சமமாகப் பரவியிருந்தது, ஆழம் காட்டும் அளவுகோல்கள் நடப்பட்டிருந்தன, எத்தனை மூட்டை போட்டார்கள் என்ற சீட்டும் ஒட்டப்பட்டிருந்தது. குறை சொல்ல இடமே இல்லாத வேலை. பிறகு முன்னறையின் வெளிச்சுவரில் இருந்த ஸ்விட்ச் பெட்டியின் மூடியை, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றினேன். பெட்டிக்கும் சுவர்ப் பலகைக்கும் நடுவே உள்ள சந்தில், இத்துறையில் எல்லோரும் பையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் குரோஷே ஊசியை நுழைத்துத் திருப்பி இழுத்தேன். கண்ணாடி இழை இருந்தால் கொக்கியில் ஒரு நூலாவது மாட்டி வரும். ஊசி வெறுமையாக வந்தது. வடக்குச் சுவரிலும் அப்படியே. ப்ளோயர் டோரை ஓடவிட்டு வெப்பக் கேமராவில் பார்த்தபோது, மரச்சட்டங்களுக்கு இடையேயான பகுதிகள் தரையிலிருந்து கூரை வரை கருநீலப் பட்டைகளாகத் தெரிந்தன. அந்த அம்மையார் திரையை எட்டிப் பார்த்து, சாய்வு நாற்காலியை வடக்குச் சுவரிலிருந்து எப்போதோ நகர்த்திவிட்டதாகச் சொன்னார். தணிக்கைக்கு வந்தவர் அதைக் கேட்டிருக்கலாம். நாற்காலி ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

இது ஏன் சிறிய குறை அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு வீடு முடிந்ததாகக் கணக்கில் ஏறிய பிறகு, எரிசக்தித் துறையின் பணத்தைக் கொண்டு அங்கே திரும்பிப் போய் வேலை செய்ய முடியாது. 2020-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டப்படி, 15 ஆண்டுகள் கழிந்த பிறகே அந்த வீட்டை மீண்டும் திட்டத்தில் சேர்க்கலாம். மோசமாகச் செய்த வேலையை ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லலாம். விட்டுப்போன சுவருக்கு யாரைக் கூப்பிடுவது? ஆகவே அறிக்கையில் இதை வெறும் கவனக்குறிப்பாகப் போடாமல், திருத்தத் திட்டம் கேட்கும் முறையான குறைபாடாகப் பதிவு செய்தேன். அமைப்பின் நிர்வாகி ஒப்புக்கொள்ளவில்லை. எல்லா வீடுகளும் இறுதி ஆய்வில் தேறியவை என்றும், வாரத்துக்கு இத்தனை தணிக்கை என்ற இலக்கை வைத்தது மாநிலம்தான் என்றும் எழுத்தில் பதில் அனுப்பினார். இரண்டாவது வாதத்தில் உண்மை இருந்தது. அதை என் மேலதிகாரிகளிடமும் அப்படியே எடுத்துச் சொன்னேன்.

தணிக்கையாளரைத் தண்டிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது நான் அதற்கு உடன்படவில்லை. அவருடன் ஒரு முழுத் தணிக்கைக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தேன். கைவேலையில் திறமையானவர். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸும் வெந்நீர்க் கலனும் இருந்த நிலவறையில், வெளியேற்று விசிறிகளையும் துணி உலர்த்தியையும் ஓடவிட்டுக் கதவுகளை மாற்றி மாற்றி மூடி, புகை புகைபோக்கியில் ஏறுகிறதா, அறைக்குள் திரும்புகிறதா என்று பொறுமையாகச் சோதித்தார். கார்பன் மோனாக்சைடு அளவையும் ஒழுங்காகக் குறித்தார். உயிருக்கு ஆபத்தான இடத்தில் அவர் ஒரு நிமிடத்தையும் மிச்சம் பிடிக்கவில்லை. மிச்சம் பிடித்தது சுவரில். பழைய கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்துத் திருத்தி எழுதும் வழக்கத்தில் ஆர்-11 வீட்டுக்கு வீடு பயணம் செய்திருந்தது. வழக்கத்தால் வந்ததை வழக்கத்தால்தான் மாற்ற முடியும் என்று வாதாடினேன்.

கடைசியில் ஏற்கப்பட்டது இதுதான்: வெளிச்சுவர்கள் ஒவ்வொன்றிலும் ஊசி நுழைத்த இடத்தின் படம் கோப்பில் இருக்க வேண்டும், படம் இல்லாமல் சுவர் மதிப்பை எழுதினால் கோப்பு திரும்பி வரும், பழைய கோப்பைப் பிரதி எடுத்துப் புதியதைத் தொடங்கக் கூடாது. வாராந்தர இலக்கையும் சற்றுத் தளர்த்தினார்கள். விட்டுப்போன சுவர்களில் சிலவற்றை மின் நிறுவனங்களின் தனித் திட்டப் பணத்தில் நிரப்ப முடிந்தது, அந்த மூதாட்டியின் வீடு உட்பட. எல்லாவற்றையும் முடியவில்லை. படம் எடுக்கும் விதியைப் பற்றிய முணுமுணுப்பு இன்றும் இருக்கிறது. ஊசி நுழைக்கப் பனிக்காலத்தில் மின்சாரத்தை நிறுத்த வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை என்பது நியாயமான முணுமுணுப்பு.

இப்போது இதே கண்ணோடு வேறொரு குவியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: தள்ளிவைக்கப்பட்ட வீடுகள். கூரை ஒழுகினாலோ, பூஞ்சை பரவியிருந்தாலோ, மின்கம்பிகள் பாதுகாப்பற்றிருந்தாலோ தணிக்கையாளர் வேலையை நிறுத்தி, காரணத்தை வீட்டுக்காரருக்கு எழுத்தில் தந்துவிட்டுத் திரும்புகிறார். இத்தகைய வீடுகளை முதலில் செப்பனிடுவதற்கென்று 2022 முதல் தனி நிதி உண்டு. அது எல்லோருக்கும் போதாது. முடிந்த வீடுகளை மட்டுமே எண்ணும் மேற்பார்வையில் இவர்கள் வருவதில்லை. எனவே அமைப்புகளிடம் இனி இரண்டு பட்டியல்கள் கேட்கிறேன். இரண்டாவதில் தள்ளிவைத்த நாள், காரணம், வீட்டுக்காரரை யாரிடம் அனுப்பினார்கள், மறுபடி எப்போது பேசினார்கள் என்று நான்கு பத்திகள். முதல் தவணையாக வந்த பட்டியல்களில் கடைசிப் பத்தி பெரும்பாலும் காலியாகவே இருந்தது. அந்த அமைப்புகளுக்குத்தான் அடுத்த மாதம் முதலில் போகிறேன்.