மூன்று வாய்தா, ஒரு சாட்சி

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகளுக்கு ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருத்தியாக, வரச் சொல்லிக் கடிதம் வந்த அதே மாதத்தில், ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நடந்த விபத்தை நேரில் பார்த்தவன் என்பதால், சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லுமாறு எனக்கும் சம்மன் வந்தது. "எப்படி மாமா தப்பிக்கிறது?" என்றுதான் அவளும் கேட்டாள்.

நம் நாட்டில் ஜூரிக்கு இப்போது வேலையில்லை. 1959-இல், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரிகள் குற்றமற்றவர் என்று சொன்னதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பின்னர் வந்த 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அம்முறைக்கு இடமே தரப்படவில்லை. (பார்சிகளின் திருமண வழக்குகளில் மட்டும் அதன் சாயல் எஞ்சியிருக்கிறது.) ஆகவே, சாதாரண மனிதனை நீதிமன்றம் கூப்பிடுவது பெரும்பாலும் சாட்சியாகத்தான்.

காலை பத்தரைக்குப் போனவனை டவாலி மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தபோது மணி மூன்றாகியிருந்தது. எதிர்தரப்பு வக்கீல் வராததால் வாய்தா. "இதுக்குத்தானுங்க யாரும் பாத்ததச் சொல்றதில்ல" என்றார் அருகில் நின்ற லாரி ஓட்டுநர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வாய்தாவில்தான் கூண்டில் ஏறினேன். விசாரணை பத்தே நிமிடம். வெளியே வந்தபோது, இறந்தவரின் மனைவி மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கும்பிட்டார்.