தக்கலை வீட்டில் ஒரு ரைபிள்மேன்

இந்த முறை லீவில் தக்கலைக்குப் போய் இறங்கியதுமே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "பய பட்டாளத்துல சேர்ந்துட்டானாமே, உள்ளதா?"

என் மகன் கனடாவில் சேர்ந்திருப்பது முழுநேரப் பட்டாளம் இல்லை, ரிசர்வ் என்றேன். "அப்பம் என்ன, பாதிப் பட்டாளமா?"

எனக்கே அது பிடிபட ஒரு வருடம் ஆனது. வாரத்தில் ஒரு மாலை, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, கோடையில் சில வாரங்கள் முழுநேரப் பயிற்சி. மற்ற நாட்களில் காலேஜ். வெளிநாட்டுப் பணிக்கு அவனாக முன்வந்தால்தான் உண்டு. குயின்ஸ் ஓன் ரைபிள்ஸ் என்பது அவன் ரெஜிமெண்ட்டின் பெயர்; 1860-ல் டொராண்டோவில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரையில் முதல் அலையில் இறங்கியவர்களில் இவர்களும் உண்டு. அங்கே சிப்பாய்க்கு ரைபிள்மேன் என்று பெயர். துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயோனெட்டை வாள் என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதன் ஒரு கம்பெனி கூடுவது நாங்கள் குடியிருக்கும் ஸ்கார்பரோவில்தான். பதினைந்து வருடம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

குளிர்காலப் பயிற்சிக்கு மீஃபோர்ட் தளத்துக்குப் போய்விட்டு அவன் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை இன்னும் நினைவிருக்கிறது. வீடு முழுக்க அடுப்பு எரிபொருள் வாடை. கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் டொபோகன் என்ற சறுக்குவண்டியில் கட்டி, சிறு குழுவான ஒரு செக்‌ஷன் ஆட்களே பனியில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இரவில் கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்தால் ஒருத்தர் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். "கிளம்பும்போதே குளிரணும்பா. நடக்கிறதுக்கு முன்னாடி ஒரு சட்டையைக் கழட்டிடணும். வியர்த்தா உள்ள ஈரமாகும், நின்னதும் அந்த ஈரம்தான் ஆளைக் கொல்லும்" என்றான்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் கிடங்கு வேலைக்குப் போக, இருந்த ஸ்வெட்டர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். நிறுத்தத்தில் நிற்கும்போது முதுகு வியர்வை ஐஸ் மாதிரி ஆகும். மாதக்கணக்கில் இருமினேன். குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்திருந்தேன். சட்டை அதிகம் என்று சொல்ல ஆள் இல்லை.

சரி, ஊருக்கு வருவோம். மாமா மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பையனைத் திண்ணையில் உட்கார வைத்து விசாரித்தார். கம்பெனிக்கு எத்தனை பிளட்டூன்? மூன்று. பிளட்டூனுக்கு எத்தனை செக்‌ஷன்? மூன்று. "இங்கயும் அதே கணக்குதான் மக்களே" என்று தொடையில் தட்டினார். 1860 என்று அவன் சொன்னதும்தான் சிரித்தார். "எங்க ஒம்பதாவது பட்டாலியன் 1704 டே. எங்க தொடங்கினதுன்னு நினைக்க? இந்தா, பக்கத்துல, பத்மநாபபுரத்துல." திருவிதாங்கூர் மன்னரின் மெய்க்காவல் படையாகத் தொடங்கியதாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிக்கூட உல்லாசப் பயணமாக நான் எத்தனை முறை போயிருப்பேன். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துப்போனார். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய், பிறகு அதே படைக்குப் பயிற்சி கொடுத்து, இங்கேயே தங்கி, 1777-ல் இறந்தார். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. பையன் தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தான். லத்தீனை எங்களில் யாரும் தொடவில்லை.

ராத்திரி அம்மா கேட்டாள், "அந்தக் காட்டுல குடிக்க தண்ணிக்கு என்ன செய்வா?"

"பனியை அள்ளி அடுப்புல உருக்குவோம் பாட்டி."

"வெறும் பாத்திரத்துலயா?" அம்மாவின் முகம் மாறியது. "கருகிப் போகுமே. அடியில கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுல்ல போடணும், கருப்பட்டி உருக்கும்போது மாதிரி."

பையன் என்னைப் பார்த்தான். "அப்பா, எங்க சார்ஜெண்ட் இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் எடுத்தார்."