காந்தி ரோட்டில் மாட்டிக்கொள்ளும் வேன்

காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள் டூர், வடசென்னைத் தண்டையார்பேட்டையில் "காலைல 5 மணிக்கு வேன்" என்றால், 5 மணிக்கு டிரைவர் மட்டும் வந்திருப்பார். பெரியம்மா பூக்காரம்மாவுக்காக வாசலில் நிற்பார். ஆயாவின் பிரஷர் மாத்திரையைக் காணோம். புளிசோற்றுக் குண்டானுக்கு மூடி சேராது. எல்லாம் சேர்ந்து 6.45-க்குக் கிளம்பினால், துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டிய கன்டெய்னர் லாரிகள் வழியை மறிக்கும். காஞ்சிபுரம் என்னவோ 75 கிலோமீட்டர்தான். அதில் பூந்தமல்லி தாண்டுவதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும். வழியில் ஸ்ரீபெரும்புதூர், 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர். "திரும்பி வர்றப்ப பாத்துக்கலாம்" என்பார்கள். திரும்பி வரும்போது வேனே குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

பெங்களூர் ரோட்டிலிருந்து காஞ்சிக்குத் திரும்பும் இடத்துக்குப் பெயர் பொன்னேரிக்கரை. அதுவரை தூங்கிய யாராவது ஒருவர் அந்தப் போர்டில் கண் விழித்து, சென்னைக்கு வடக்கே எதிர்த்திசையில் இருக்கும் பொன்னேரி என்று நினைத்து, "யோவ், மீஞ்சூர் தாண்டி பொன்னேரிக்கே வந்துட்டியா!" என்று டிரைவரைப் பிடித்துக்கொள்வது வடசென்னை வேன்களில் சகஜம்.

வேனே வேண்டாம் என்றால் பீச் ஸ்டேஷன் இருக்கிறது. செங்கல்பட்டு வழியாக நேர் ரயில் உண்டு, ஆனால் சில வண்டிகள்தான். அதன் போர்டில் காஞ்சிபுரம் என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, வண்டி போய் நிற்கும் திருமால்பூர் என்றோ அரக்கோணம் என்றோ போட்டிருக்கும். மற்றதெல்லாம் தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ இறக்கிவிட்டுவிடும். வண்டி பீச்சிலிருந்தே புறப்படுவதால் நம்ம ஆட்களுக்கு ஜன்னல் சீட்டு நிச்சயம். மாம்பலத்தில் ஏறுபவர் முறைப்பார், கண்டுகொள்ள வேண்டாம்.

இனி ஊர்க்கணக்கு. கோயில்கள் மத்தியானம் 12, 12.30-க்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சி மூன்றும் பெரிய காஞ்சிபுரத்தில். வரதராஜப் பெருமாள் மட்டும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளி, சின்ன காஞ்சிபுரத்தில். இரண்டுக்கும் நடுவில் காந்தி ரோடு. ரோடு முழுக்கப் பட்டுக்கடை. ஒரு நாள் டூர் கவிழும் இடம் இதுதான். காமாட்சியைப் பார்த்துவிட்டு 10.30-க்கு வேன் வரதரை நோக்கிப் புறப்படும். "சும்மா வெல மட்டும் கேட்டுட்டு வந்துடுறோம், அஞ்சு நிமிஷம்" என்று ஒரு குரல். அந்த அஞ்சு நிமிஷம் முடியும்போது மணி 1.15. வரதர் கோயில் கதவு சாத்தியிருக்கும். வெளியே கல் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் நிற்க முடியாமல் ஆடும் ஆட்டத்தைக் காசு கொடுத்தாலும் பார்க்க முடியாது.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் கைலாசநாதர், ராஜசிம்ம பல்லவன் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மணற்கல் கோயில். காலை வெயிலில் கல்லின் நிறமே வேறு. கருவறையைச் சுற்ற ஒரு குறுகல் வழி உண்டு. தவழ்ந்து நுழைந்து, சுற்றி வந்து, மறுபடி தவழ்ந்து வெளியேறினால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. நுழையும் முன் சட்டைப் பையில் இருக்கும் செல்போன், சாவி, சில்லறையை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வழியில் சிக்குபவை அவைதான். தொப்பை இரண்டாவது. "நைனா, மூச்ச உட்டுட்டு வா நைனா" என்று வெளியிலிருந்து மகன் வழி சொல்லும்படி ஆகும்.

அடுத்து ஏகாம்பரநாதர். மண் லிங்கம், அதனால் லிங்கத்துக்கு நீர் அபிஷேகம் கிடையாது. பால் பாக்கெட்டோடு போகிறவர்கள் கவனிக்க. பிறகு காமாட்சி. அப்புறம் காந்தி ரோட்டை ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கடந்து, 11.15-க்குள் வரதர். கடை எங்கேயும் ஓடிவிடாது, அதற்கு நடை சாத்துவதும் இல்லை. 12.30 முதல் 4 வரை புடவைக்கே ஒதுக்கிவிடலாம்.

வரதர் கோயிலில் குழந்தைகள் முதலில் கேட்பது குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதரை. 2019-ல் 48 நாள் தரிசனம் தந்துவிட்டு உள்ளே போனவர், இனி 2059-ல்தான் வருவார். "தண்ணில எட்டிப் பாத்தா தெரியாதா?" தெரியாது. 100 கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலியைக் காட்டிச் சமாளிக்கலாம். தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லிக்குத் தனிச் சீட்டு. கூரையில் இருக்கும், ஏறித் தொட வேண்டும். மேலே போனதும் பலர் பல்லியைத் தொட்ட கையோடு அங்கேயே நின்று வேண்டுதல் பட்டியலை ஆரம்பித்துவிடுகிறார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. பட்டியலைக் கீழேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள்.

பசிக்குக் கோயில் இட்லி. மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்டு, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. உருளையாக, முழங்கை நீளத்துக்கு இருப்பதை வட்டமாக அறுத்துத் தருவார்கள். மல்லிப்பூ இட்லியை நினைத்து வாயில் போட்டால் ஏமாற்றம்தான். கெட்டியாக, சுக்கு காரத்தோடு இருக்கும். வடகறி கேட்காதீர்கள்.

இப்போது கடை. ஆட்டோக்காரர் "தெரிஞ்ச கடை" என்று கூட்டிப் போனால் அவர் கமிஷன் உங்கள் பில்லில் சேரும். நல்ல ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசியது. முந்தானை ஓரத்தில் தொங்கும் ஒரு இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். வெள்ளை நூல் எட்டிப் பார்த்தால் எழுந்து வந்துவிடலாம். பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். உருகி உருண்டையானால் பாலியஸ்டர். இதைக் கடை நடுவில் தீப்பெட்டி எடுத்துச் செய்யக் கூடாது, கேட்டால் அவர்களே இழை தருவார்கள். புடவையைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். இரண்டையும் நெய்யும்போதே கோத்துச் சேர்ப்பதுதான் கோர்வை, அது விரலுக்குப் புரியும். பேரம் வராதவர்கள் கூட்டுறவு சங்கத்துக்குப் போகலாம், விலை ஒன்றுதான்.

4 மணிக்கு மேல் எங்கே என்பதில் சண்டை வரும். குழந்தைகள் வேடந்தாங்கல் என்பார்கள். பறவை சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை, மே லீவில் போனால் மரம்தான் மிச்சம். சுமார் 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர் இருக்கிறது, பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கேதான். வேட்பாளருக்கு வயது 35-க்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது, சொந்த மனையில் வீடு வேண்டும், கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது. வேனுக்குள் இதை வாசித்தால் ஆயா வயசில் போவார், பாதிப்பேர் வாடகை வீட்டில் போவார்கள். வேன் காசு வசூலித்த சித்தப்பா சட்டென்று வெளியே வேடிக்கை பார்ப்பார்.

ராத்திரி 10 மணிக்கு தெருமுனையில் இறங்கினால், பக்கத்து வீட்டு ஆயா திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். புடவைப் பையைப் பார்க்க மாட்டார், பிரசாதம் கேட்க மாட்டார்.

"பல்லியத் தொட்டியா?"

தொட்டவர்கள் கையை நீட்டுவார்கள். அவர் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.