கொண்டக்டரின் கை

மூன்று வருடமாக யாரிடமும் படிக்காமல் நானாகவே படம் வரைகிறேன். முகம் சுமாராக வரும். கைதான் சனி. அதனால் என் ஆட்கள் எல்லாரும் கையைச் சட்டைப்பைக்குள் விட்டபடிதான் நிற்பார்கள். அம்மம்மா கொப்பியைப் புரட்டிவிட்டு, "ஏன் பிள்ளை, இவையள் எல்லாருக்கும் குளிருதோ?" என்று கேட்டா. கொழும்பில குளிர்!

சரி என்று எலும்பிலிருந்தே தொடங்கினேன். ஒரு கையில் மட்டும் 27 எலும்பு, அதில் மணிக்கட்டுக்கே 8. முன்கையின் இரண்டு எலும்புகள் ஆரை, அரந்தி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததெல்லாம் இப்போதுதான் உதவுகிறது. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். கவிழ்த்தால் ஆரை அரந்தியைக் குறுக்காகக் கடந்து போகும். முழங்கையிலிருந்து சுண்டுவிரல் பக்கமாகத் தடவிப் பாருங்கள், அந்த அரந்தி அவ்வளவாக அசையாது. இது தெரியாமல் இவ்வளவு நாளும் முன்கையைக் குழாய் மாதிரி வரைந்திருக்கிறேன்.

நேற்று வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் போனேன். கொண்டக்டர் நீளவாக்கில் மடித்த நோட்டுகளை விரலிடுக்கில் செருகிக்கொண்டு என் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்திருந்தார். விரல் முட்டிகள் நேர்கோட்டில் இல்லை, வளைவாக இறங்கின. புறங்கைப் பக்கம் விரல்கள் நீளமாகத் தெரிந்தன, உள்ளங்கைப் பக்கம் குட்டை. அவசரமாகக் கீறினேன். பம்பலப்பிட்டியில் ஒரு பிரேக், கட்டைவிரல் கோணிப்போனது.

மிச்சக் காசு வாங்க மறந்துவிட்டேன்.