யு.2 டிரைவ்கள் முழு வேகத்துக்கு வந்தன: கோளாறு கேபிளில்

கேபிள் வழியே கணினியில் இணைத்த இரண்டு யு.2 டிரைவ்களை (சர்வர் வகை எஸ்எஸ்டி) முழு வேகத்தில் ஓட்டப் பதினோரு நாள் போராடினேன். நேற்றிரவு அந்த வரி திரையில் வந்தது: வேகம் 16 ஜிடி (விநாடிக்கு 1,600 கோடி பரிமாற்றம், பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை வேகம்), அகலம் எக்ஸ்4 (நான்கு லேன், அதாவது நான்கு தரவுப் பாதை). இரண்டு டிரைவ்களுக்கும் அதேதான். மகிழ்ச்சியில் தூக்கமே வரவில்லை.

ப்ராசஸர் த்ரெட்ரிப்பர் ப்ரோ 3955டபிள்யூஎக்ஸ் என்பதால் லேன்களுக்குப் பஞ்சமில்லை, 128 இருக்கின்றன. எக்ஸ்16 ஸ்லாட்டில் ரீடைமர் (சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் சிப்) இல்லாத அடாப்டர், அதிலிருந்து டிரைவ்களுக்கு ஒரு மீட்டர் ஸ்லிம்சாஸ் வகைக் கேபிள். பயாஸில் ஸ்லாட்டின் லேன்களை நான்கு நான்காகப் பிரித்ததும் இரண்டு டிரைவ்களும் தென்பட்டன. ஆனால் ஒன்று மூன்றாம் தலைமுறை வேகத்துக்கு இறங்கி விநாடிக்கு 3.4 ஜிபிக்கு மேல் படிக்க மறுத்தது. மற்றொன்று முழு வேகத்தில் ஓடியது, ஆனால் இயங்குதளத்தின் கர்னல் பதிவில் திருத்தப்பட்ட பிழைகள் (வன்பொருளே சரிசெய்துகொண்டவை) மழைபோலக் கொட்டின. பயாஸில் நான்காம் தலைமுறையைக் கட்டாயமாக்கினேன். முதல் டிரைவ் நகலெடுக்கும்போதே காணாமல் போனது.

அடாப்டரை மாற்றினேன், ஸ்லாட்டை மாற்றினேன், பயாஸைப் புதுப்பித்தேன். பலனில்லை. கடைசியில்தான் கேபிள் மீது கண் போனது. மதர்போர்டுத் தட்டின் பின்னால் அதைக் கொண்டைஊசி வளைவுபோல மடக்கியிருந்தேன். பக்கத் தகட்டைக் கழற்றி, மேசைமீது நேராக நீட்டிப் போட்டதும் பிழைகள் பாதியாகக் குறைந்தன. அங்கேதான் பிடி கிடைத்தது. 16 ஜிடி வேகத்தில் மொத்தப் பாதைக்கும் அனுமதிக்கப்படும் சிக்னல் இழப்பு ஏறத்தாழ 28 டெசிபல்தான். போர்டு, ஸ்லாட், அட்டை, இணைப்பிகள் எல்லாம் அதில் பங்கு கேட்கின்றன. ஒரு மீட்டர் செம்புக்கு என்ன மிச்சம் இருக்கும்?

50 செ.மீ. கேபிள் வாங்கினேன். உறையிலேயே 85 ஓம் (பிசிஐஇக்கு ஏற்ற மின்மறுப்பு) என்று அச்சிட்டிருந்தது. பழையதில் எந்தக் குறிப்பும் இல்லை. விற்பனைப் பட்டியலில் '4.0' (நான்காம் தலைமுறை) என்று போட்டிருந்ததை நம்பி வாங்கியது என் கோபத்தை இன்னும் கிளறுகிறது. வாங்குவோர் நீளத்தையும் ஓம் அளவையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். புதியதை அழுத்தியதும் தாழ்ப்பாள் 'டக்' என்று விழுந்தது. இரவு முழுவதும் எஃப்ஐஓ (டிரைவைச் சோதிக்கும் மென்பொருள்) ஓடியும் பிழை ஒன்றுகூட இல்லை. வேகம் விநாடிக்கு 6.7 ஜிபி.

டிரைவ்கள் இன்னும் அட்டைப்பெட்டி மேல்தான் கிடக்கின்றன, பக்கத்தில் ஒரு 120 மி.மீ. விசிறி. கூண்டு செய்யத் தகடு வெட்ட வேண்டும். அதற்குள் நான்கு எம்.2 (சிறிய பட்டை வடிவ எஸ்எஸ்டி) பொருத்தும் அட்டை ஒன்றில் மனம் போய்விட்டது. அதில் கேபிளே கிடையாது.