பாம்பு இல்லைங்க, வேரு

போன மாசம் குண்டடத்துப் பக்கம் இருக்கும் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில், கிணற்றிலிருந்து மேட்டாங்காட்டுக்குப் பைப் போட ஜேசிபி விட்டுக் குழி பறித்தார்கள். நாலடி ஆழம்கூடப் போயிருக்காது. மதியம் ரெண்டு மணிக்கு மாமா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். வெள்ளையாக, விரல் தடிமனில், வளைந்து நெளிந்து ஒரு கல். கீழே, "மச்சா, பாம்பு கல்லாயிருக்குது, டைனோசர் காலமா?" அடுத்த நிமிஷமே இன்னொரு செய்தி: "எவ்வளவுக்குப் போகும்?"

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். வருஷத்துக்கு ரெண்டு தடவை நாலு நண்பர்களோடு திருச்சி தாண்டி காரை என்ற ஊர்ப் பக்கம் போய், வெயிலில் குனிந்தபடியே நடந்து கல் பார்த்துவிட்டு வருவேன், அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் சொந்தக்காரர்களுக்கு நான்தான் கல் டாக்டர். எவர் தோட்டத்தில் எது கிடைத்தாலும் படம் எனக்கு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். குழிக்குப் பக்கத்தில் குவித்த மண்ணில் அந்த மாதிரித் துண்டுகள் ஒரு கூடை தேறும். அப்புச்சி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே, "அது சுக்காங்கல்லு சாமி, இந்தக் காட்டுல கொத்துனா அதுதான் வரும், இதுக்கா பெட்ரோல் போட்டு வந்தே?" என்றார். பாதி அங்கேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

ஒரு துண்டை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். வெளியே சொரசொரப்பாக, சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை. உடைந்த முனையைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் பென்சில் முள் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் படிந்த சுண்ணாம்பு. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஒரு சொட்டு விட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது. இதெல்லாம் சுக்கான்கல்லுக்கு, அதாவது மண்ணுக்குள் சுண்ணாம்பு இறுகின கல்லுக்கு, எதிர்பார்த்ததுதான். நான் தேடியது வேறு. கூடையில் இருந்ததிலேயே நீளமான துண்டைப் பார்த்தேன், ஒரு முழம் இருக்கும். மேல்முனை கட்டைவிரல் தடிமன், கீழே போகப்போகச் சுண்டுவிரல், அங்கே கவை பிரிந்து ரெண்டு கிளை, கிளைகள் இன்னும் மெல்லிசு. குழியின் சுவரில் இன்னும் மண்ணோடு நின்ற துண்டுகளும் தலைகீழ் மரம் மாதிரி கீழ்நோக்கியே பிரிந்திருந்தன.

இதுதான் விஷயம். வேர் பிரியும்போதெல்லாம் மெலியும். வளை தோண்டுகிற பிராணிக்குத் தன் உடம்பு போக இடம் வேண்டும், அதனால் வளை எத்தனை தடவை பிரிந்தாலும் தடிமன் அநேகமாக மாறாது. பாம்பா, புழுவா, வேரா என்று கேட்டு வருகிற படங்களில் பாதியை இந்த ஒரே கேள்வியில் முடித்துவிடலாம்.

நம் பக்கம் மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம். மண்ணில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, வேர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச அந்த வேரைச் சுற்றியே படிந்து இறுகுகிறது. வேர் செத்து மக்கினதும் நடுவில் ஓட்டை மட்டும் நிற்கும். பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் கிணறு வெட்டினவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள், பெயர் கேட்டிருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் ரைசோலித், வேர்க்கல் என்று அர்த்தம். சுவாரசியம் என்னவென்றால் இதுவும் பாசில், அதாவது கல்லில் தங்கின பழைய உயிர்களின் மிச்சம், என்ற கணக்கில்தான் வரும். தொல்லுயிரின் உடம்பு இல்லை, அது விட்டுப்போன சுவடு, அதாவது டிரேஸ் பாசில். மாமா பையனிடம் "உங்க தோட்டத்துல பாசில் இருக்குது, ஆனா அஞ்சு பைசாவுக்குப் போகாது" என்றேன். முதல் பாதி மட்டும்தான் அவன் காதில் விழுந்தது.

பாம்பு எலும்போ டைனோசரோ நம் ஊர்ப் பாறையில் வர வழியே இல்லை. ஈரோடு, நாமக்கல், காங்கேயம், எங்கே தட்டினாலும் நைஸ், சார்னோகைட் மாதிரி பூமிக்கு அடியில் வெந்து உருமாறின பாறைகள், பல இடங்களில் வயது 250 கோடி ஆண்டு அளவுக்குப் போகும். அப்போது ஊர்ந்து போகப் புழுகூடக் கிடையாது. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லும் பளிங்காக மாறிப்போன வகைதான், சிப்பி தேடி அங்கே போகாதீர்கள். சிப்பி வேண்டுமென்றால் கிழக்கே அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போக வேண்டும். சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன்னால் அங்கே கடல்.

சரி, சுவடு என்றால் என்ன? ஒரு எருமையை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தால் குளம்புத் தடம், சேற்றில் புரண்டால் பள்ளம், அப்புறம் சாணி. மூன்றும் கல்லானால் மூன்று சுவடு, மூன்றுக்கும் தனித்தனிப் பெயர். எருமைக்கு வைத்த பெயர் அதில் எதற்கும் ஒட்டாது. மறுபக்கம், ஒரே மாதிரி வளையை நண்டும் தோண்டலாம், இறாலும் தோண்டலாம், ரெண்டுக்கும் ஒரே பெயர்தான். பெயர் வேலைக்கு, வேலை செய்தவருக்கு இல்லை. "இது எந்தப் பிராணி?" என்று கேட்டால் நான் இழுப்பது இதனால்தான், தெரியாமல் மழுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள் (சில நேரம் அதுவும் உண்டு). கல்லான சாணிக்குக் கோப்ரோலைட் என்று 1829-இல் பெயர் வைத்தவர் இங்கிலாந்து நிலவியலாளர் வில்லியம் பக்லேண்ட். ஸ்காட்லாந்தில் கிடைத்த காலடித் தடங்கள் ஆமையுடையதா என்று பார்க்க, பிசைந்த மாவின் மேல் நிஜ ஆமையை நடக்கவிட்டவரும் அவரேதான். வீட்டில் என்ன சொன்னார்களோ.

பாம்பு என்று நினைத்ததற்காக மாமா பையன் வெட்கப்படவும் வேண்டாம். ஓபியோமார்பா என்று ஒரு புகழ்பெற்ற சுவடு இருக்கிறது, கடலோர மணலில் இறால் வகை ஒன்று தோண்டின வளை. சுவர் சரிந்துவிடாமல் இருக்க மண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி அப்பியிருக்கும், கல்லானதும் வெளிப்பக்கம் முழுக்கக் குமிழ் குமிழாகச் செதில் மாதிரி தெரியும். அதற்கு 1891-இல் பெயர் வைத்தவர் வைத்ததே கிரேக்கத்தில் 'பாம்பு வடிவம்'. அதே மாதிரி, கிளை கிளையாகப் பிரிந்த சுவடுகளைப் பார்த்துப் பழைய விஞ்ஞானிகள் கடற்பாசி என்றே நம்பினார்கள். சுவீடன்காரர் நத்தோர்ஸ்ட் 1881-இல் உயிருள்ள பிராணிகளை ஊரவிட்டுப் பார்த்து, அதில் பெரும்பகுதி பாசியே இல்லை, ஊர்ந்த தடம் என்று காட்டினார். பாசியின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது, கோண்ட்ரைட்டிஸ், சூபைக்கோஸ் என்று இன்றைக்கும் அப்படியே சொல்கிறார்கள்.

இப்போது என் மானம் போன கதை. மூன்று வருஷத்துக்கு முன்னால் காரையில், களிமண் மேட்டுச் சரிவில், ஜிப்சம் துண்டுகள் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுகிற இடத்தில், கறுத்துப்போன மரத்துண்டு ஒன்றைப் பார்த்தேன். கல்லான மரம். அதன் மேல் முழுக்க ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் வெளிர் நிறத்தில் கெட்டியான ஏதோ அடைந்திருந்தது, மரத்துக்குள் நிறைய விரல்களைச் செருகி வைத்த மாதிரி. கிராமத்துப் பையன் நான், கரையான் அரித்த உத்தரம் பார்த்து வளர்ந்தவன். படம் எடுத்து, "பத்துக் கோடி வருஷத்துக் கரையான்!" என்று நண்பர்களுக்குப் பெருமையாக அனுப்பினேன். ஜியாலஜி பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு, சார் என்போம். அவர் ஒரே வரி அனுப்பினார்: "கரையான் கடலுக்குள்ள எப்படிங்க போச்சு?"

அந்தக் களிமண் கடலடியில் படிந்தது, அதில்தான் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல் பிராணி எல்லாம் கிடக்கிறது. கரையிலிருந்து மிதந்து வந்த மரத்தைத் துளைத்தது கப்பல்புழு. பெயர்தான் புழு, சொந்தம் சிப்பி இனம். மரப் படகு வைத்திருக்கும் கடற்கரைக்காரர்களுக்கு இதன் தொல்லை நன்றாகத் தெரியும். அது போட்ட ஓட்டை வாய்ப்பக்கம் குறுகி, உள்ளே போகப்போகப் பருத்துக் கதாயுதம் மாதிரி இருக்கும், ஏனென்றால் குஞ்சாக உள்ளே நுழைந்து, வளர வளர அறையைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது. நான் வடிவத்தை மட்டும் பார்த்தேன், கல் எந்த இடத்தில் கிடந்தது என்பதை யோசிக்கவில்லை. கரையான் என்று இப்போதும் என்னைக் கூப்பிடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார்.

அந்தத் துண்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கல்மரம் கிடக்கும் சாத்தனூர், திருவக்கரை ரெண்டும் தேசிய நிலவியல் நினைவிடங்கள், ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் நாங்கள் படம் மட்டும்தான் எடுக்கிறோம். இடத்தைவிட்டு வந்த கல் பாதி ஊமை.

இடத்தைவிட்டு வந்த கல்லுக்கு நல்ல உதாரணம் கல்யாண மண்டபத் தரை. காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பந்திக்கு வரிசையில் நின்றபடியே கீழே பார்த்தேன், மஞ்சள் கல்லில் சிப்பி குறுக்கே வெட்டுப்பட்ட கோடுகள். ராஜஸ்தானத்து ஜெய்சல்மேர்க் கல், ஜுராசிக் காலத்துக் கடல். குனிந்து தடவிக்கொண்டிருந்தேன், பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் பதறிப்போய், "ஏனுங்க, மோதிரம் ஏதும் விழுந்துருச்சுங்களா?" என்று கூடவே தேட ஆரம்பித்துவிட்டார். அதே மண்டபத்துப் படிக்கட்டில் கறுப்பாகச் சின்னச் சின்னப் பெரணி இலை படம் போட்ட கல்லும் உண்டு. அது இலையும் இல்லை, சுவடும் இல்லை. வெடிப்பு வழியே இறங்கின தண்ணீரில் இருந்த மாங்கனீசு கிளை கிளையாகப் படிந்தது. எனக்கு வருகிற 'இலை பாசில்' படங்களில் முக்கால்வாசி இதுதான்.

பெரிய ஆட்களும் ஏமாறுவார்கள். மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா குகைச் சுவரில் டிக்கின்சோனியா என்ற ஆதிகாலப் பிராணியின் பதிவு இருப்பதாக 2021-இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது, சுமார் 55 கோடி வருஷம் என்றார்கள், உலகம் முழுக்கச் செய்தி. அப்புறம் வேறு ஒரு குழு நேரில் போய்ப் பார்த்தால், அது பாறையோடு பாறையாக இல்லை, மேலே ஒட்டிக்கொண்டு உரிந்து வருகிறது. பெருந்தேனீ கட்டிக் கைவிட்ட தேனடையின் மிச்சம்! 2023-இல் அதுவும் கட்டுரையாக வந்தது. முதலில் எழுதினவரும் ஒத்துக்கொண்டார், அது ரொம்பப் பிடித்தது எனக்கு. மலைப்பாறையில் தேனடை பார்த்தே வளர்ந்த நம் பக்கத்து ஆள் ஒருத்தர் அன்றைக்குக் கூட இருந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார்.

அதனால் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் ஒன்று வையுங்கள், 27 மில்லிமீட்டர், எனக்கு அளவு தெரியும், உள்ளங்கையில் வைத்தால் உங்கள் கை எவ்வளவு பெரிசு என்று எனக்கு எப்படித் தெரியும்? உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், மேடு பள்ளம் எதுவுமே தெரியாது, சாயங்காலச் சாய்வெயில் நல்லது, இல்லையென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். உடைந்த முனையைத் தனியாக ஒரு படம். எடுப்பதற்கு முன்னால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பென்சிலால் ஒரு அம்புக்குறி. கம்பியால் சுரண்டி அழகு படுத்தாதீர்கள், போன தீபாவளிக்கு வந்த ஒரு கல்லில் நான் பார்த்த 'நகக்கீறல்' எல்லாம் அனுப்பினவருடைய ஸ்க்ரூடிரைவர். முக்கியமாக, கல் எங்கே கிடந்தது? "ரோட்டோரம்" என்றால் எந்த லாரியிலிருந்து விழுந்ததோ.

மாமா பையன் ஒரு வழியாகத் தேறிவிட்டான். நேற்று வந்த படத்தில் நாணயம் இருந்தது, சாய்வெயில் இருந்தது, இடமும் எழுதியிருந்தான். மூன்று விரல் தடம், வரிசையாக ஏழு, பின்னால் குட்டியாக நாலாவது விரலின் பதிவுகூடத் தெளிவாக. அப்புச்சி வீட்டு நெல் காயப்போடுகிற களம்தான், சிமெண்ட் காய்வதற்கு முன்னால் கோழி குறுக்கே நடந்திருக்கிறது. அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மா) போனில் கேட்டேன். "ஆமா, அந்தச் செவலைப் பெட்டை, எவ்வளவு வெரட்டியும் போகலே, அடுத்த வாரமே கொழம்பு வெச்சுட்டேன்" என்றார்.